நெட்டுருவும் நினைவுப் பெட்டியும்: சதுரங்கத் தொடக்கங்களை மனதில் நிறுத்திய வரலாறு

சதுரங்கம் பிறந்த நாடு நம் நாடு என்று மேடைதோறும் பேசுகிறோம். பேசுவதில் தப்பில்லை. ஆனால் இன்று உலகம் முழுவதும் ஆடுகிற ஆட்டத்தில் ராணியும் பிஷப்பும் ஒரே வீச்சில் பலகையின் மறுகோடி வரை ஓடுகின்றனவே, அந்த விதி பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அமைந்தது. காய்களுக்கு வேகம் வந்ததும், அசந்தால் பத்து நகர்த்தலுக்குள் ஆட்டம் முடிந்துபோகும் என்கிற நிலை வந்தது. அன்றிலிருந்து ஆட்டக்காரன் தலையில் ஒரு புதுச் சுமை ஏறியது. ஆட்டத்தின் தொடக்கத்தை, அதாவது ஆட்டக்காரர்கள் பேச்சில் ‘ஓப்பனிங்’ என்பதை, முன்கூட்டியே படித்து மனதில் வைத்துக்கொண்டுதான் பலகைக்கு முன்னால் உட்கார வேண்டும்.

இந்தச் சுமையை ஐந்நூறு வருஷமாக மனிதர்கள் எப்படித் தூக்கினார்கள்? கம்ப்யூட்டர் வந்த பிறகு மென்பொருள் அதில் எந்தப் பங்கை வாங்கிக்கொண்டது? எந்தப் பங்கை அதால் வாங்கிக்கொள்ள முடியவில்லை? இவற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுதுகிறவன் வியாபாரி. செஸ்ஸில் பட்டம் எதுவும் பெற்றவன் அல்லன். ஆனாலும் இதை எழுதக் காரணம் இருக்கிறது. வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகளைச் செஸ்ஸுக்கு அனுப்பாத வீடு குறைவு. “என் பையன் தினமும் இருநூறு நகர்த்தல் ரிவ்யூ பண்றான் சார்” என்று தகப்பனார் பெருமையாகச் சொல்கிறார். அந்த இருநூறில் எத்தனை பிள்ளைக்குச் சொந்தம், எத்தனை இயந்திரத்துக்குச் சொந்தம் என்று கேட்டுப் பார்க்க வேண்டிய காலம் இது. பிள்ளையின் நேரம் அல்லவா முதலீடு!

அச்சில் ஏறிய நினைவு

புதிய விதிகளைப் பேசும் அச்சு நூல்களில் இன்று கையில் கிடைப்பவற்றுள் பழமையானது 1497ல் ஸ்பெயின் நாட்டுச் சலமாங்காவில் லூசெனா என்பவர் வெளியிட்டது. அதிலேயே தொடக்க நகர்த்தல்கள் இருக்கின்றன. 1561ல் ரூய் லோபஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் ஒரு நூல் எழுதினார். அவர் பெயரால் வழங்கும் தொடக்கத்தைத்தான் இன்றும் ‘ஸ்பானிஷ்’ என்கிறோம். இந்தப் பெயரை வாசகர் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இரண்டு முறை வரப்போகிறது.

அடுத்த பெரிய படி ஜெர்மனியில். பால் ருடால்ஃப் ஃபான் பில்குவர் என்ற பிரஷ்யப் படை அதிகாரி ஒரு செஸ் கையேட்டைத் தொடங்கினார். 25 வயது நிரம்புவதற்குள் 1840ல் இறந்துபோனார். நண்பர் ஃபான் டெர் லாசா அதை முடித்து 1843ல் வெளியிட்டார். அதன் சிறப்பு, தொடக்கங்களைக் கட்டம் கட்டி வரிசையாகப் போட்டது. எதிரி இப்படி ஆடினால் இந்த வரி, அப்படி ஆடினால் அடுத்த வரி. கடைக்காரன் பார்வைக்கு அது ஒரு பேரேடு. அதுவரை வாயாலும் வழக்காலும் பரவிய அறிவு, அங்கே கணக்காக மாறியது. 1916ல் முடிந்த அதன் எட்டாம் பதிப்பு ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது.

1966ல் யுகோஸ்லாவியாவின் பெல்கிரேடில் அலெக்சாண்டர் மட்டானோவிச் ‘செஸ் இன்ஃபார்மன்ட்’ என்ற தொகுப்பைத் தொடங்கினார். எந்த மொழிச் சொல்லும் இல்லாமல், குறிகளை மட்டுமே வைத்து ஆட்டங்களை விளக்கும் முறை அது. ரஷ்யனும் படிக்கலாம், தமிழனும் படிக்கலாம். 1974 முதல் அதே நிலையம் தொடக்கங்களின் கலைக்களஞ்சியத்தை ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்தது. ஏ முதல் ஈ வரை ஐந்து எழுத்து. ஒவ்வொன்றிலும் 00 முதல் 99 வரை நூறு எண். ஆக 500 தலைப்பு. சரக்குக்கு எண் போட்டு அலமாரியில் அடுக்குகிற வேலைதான். பிற்காலத்தில் கம்ப்யூட்டர் வந்தபோது இந்த எண்கள் தயாராக இருந்தன.

பலகைக்கு முன்னால் கை காலி

நூல் இவ்வளவு பெருத்த பிறகும் ஒரு விதி மாறவில்லை. நேருக்கு நேர் ஆடும் போட்டியில் ஆட்டம் நடக்கும்போது நூலைப் பார்க்கக்கூடாது, குறிப்பைப் பார்க்கக்கூடாது, யாரையும் கேட்கக்கூடாது. வீட்டில் ஆயிரம் பக்கம் இருக்கட்டும். மேஜைக்கு வரும்போது கை காலி. தலைக்குள் இருப்பது மட்டுமே சரக்கு.

இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. கடிதச் சதுரங்கத்தில் நூலுக்கு அனுமதி உண்டு. அனைத்துலகக் கடிதச் சதுரங்கக் கூட்டமைப்பின் போட்டிகளில் இப்போது கம்ப்யூட்டருக்கும் அனுமதி உண்டு. விளைவு, அதன் உயர்நிலைப் போட்டிகளில் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவில் முடிகின்றன. மறதி என்ற ஒன்று இருப்பதால்தான் நேர் ஆட்டத்தில் இன்னும் உயிர் இருக்கு என்று சொல்லத் தோன்றுகிறது.

சுமையின் அளவை ஒரு சின்னக் கணக்கால் பார்க்கலாம். நாம் ஆடும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எதிரியிடம் பொருத்தமான பதில் மூன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நகர்த்தல் போனால் 243 கிளை. எட்டு நகர்த்தல் போனால் 6,561 கிளை. அது பாதிக்கூட இல்லை. வெள்ளைக்கு ஒரு கணக்கு, கறுப்புக்கு ஒரு கணக்கு. எல்லாவற்றையும் நெட்டுருப் போடுவது நடக்கிற காரியமா?

1918: மனப்பாடத்துக்கு முதல் சோதனை

1918 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு போட்டி. ஒருபுறம் கியூபாவின் கப்பாபிளாங்கா. மறுபுறம் அமெரிக்காவின் ஃபிராங்க் மார்ஷல். கப்பாபிளாங்கா வெள்ளையில் ஸ்பானிஷ் தொடக்கத்தை ஆடினார். மார்ஷல் வீட்டில் தயாரித்து வைத்திருந்த ஒன்றை எடுத்துவிட்டார். ஒரு சிப்பாயை வலியக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக வெள்ளை ராஜாவின் மேல் பாயும் தாக்குதல் அது. இன்றும் அதற்கு ‘மார்ஷல் தாக்குதல்’ என்றே பெயர்.

கப்பாபிளாங்காவுக்கு அது தயாரித்த சரக்கு என்று புரிந்துவிட்டது. ஆனாலும் ஒதுங்கவில்லை. சிப்பாயை வாங்கிக்கொண்டார், நகர்த்தலுக்கு நகர்த்தல் யோசித்துத் தாக்குதலைத் தாங்கினார், 36ஆம் நகர்த்தலில் வென்றார். படித்து வந்தவர் தோற்றார், அங்கேயே யோசித்தவர் வென்றார். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. மார்ஷலின் யோசனை அடிப்படையில் நல்ல யோசனை. பிறகு வந்தவர்கள் அதைச் சீர்ப்படுத்தி, கறுப்புக்கு நம்பகமான ஆயுதமாக ஆக்கிவிட்டார்கள்.

மறதிக்கு ஒரு கணக்கு

இங்கே செஸ்ஸை விட்டுக் கொஞ்சம் விலகி, நினைவைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் போக வேண்டும். தொடக்கப் பயிற்சி மென்பொருளின் ஒரு கால் செஸ் நூல்களில் என்றால், மற்றொரு கால் இந்த ஆராய்ச்சியில் நிற்கிறது.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885ல் நினைவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணி, எத்தனை நேரத்தில், எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, மிஞ்சியது மெல்ல மெல்லக் கரைகிறது என்பது அவர் கண்டது. ஒரே மூச்சில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, நாள் விட்டு நாள் படிப்பது நிற்கும் என்றும் கண்டார். இன்னொன்றும் கண்டார்; அதைப் பலரும் சொல்வதில்லை. பைரனின் கவிதையை மனப்பாடம் பண்ண, பொருளற்ற அசைகளுக்கு ஆன உழைப்பில் பத்தில் ஒரு பங்குதான் அவருக்கு ஆயிற்று. பொருள் இருந்தால் சுமை பத்தில் ஒன்று!

1972ல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் இதை ஒரு பெட்டி முறையாக ஆக்கினார். கேள்வியைச் சீட்டின் ஒருபுறமும் பதிலை மறுபுறமும் எழுதி, பெட்டியில் அறை அறையாக வைப்பது. சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த அறைக்குப் போகும், தாமதமாகத் திரும்பி வரும். தப்பாகச் சொன்ன சீட்டு முதல் அறைக்கே திரும்பும், நாளைக்கே வரும். நமக்கு இது புதிதா என்ன? கடன் வசூலுக்குப் போகிற கணக்குப்பிள்ளை செய்வது இதைத்தான். ஒழுங்காகப் பணம் கட்டுகிறவர் கடைக்கு மாதம் ஒருமுறை போனால் போதும். இழுத்தடிக்கிறவர் கடைக்குத் தினம் நடக்கணும்.

போலந்தின் போஸ்னான் நகரில் பியோட்ர் வோஸ்னியாக் என்ற மாணவர் 1987ல் இதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தார். ‘சூப்பர்மெமோ’ என்று பெயர். அதன் கணக்கு எளிமையானது. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி 1 நாள் கழித்து. பிறகு 6 நாள் கழித்து. அதன்பின் ஒவ்வொரு முறையும் முந்தைய இடைவெளியை ஏறத்தாழ 2½ ஆல் பெருக்கணும். 15 நாள், 38 நாள், 95 நாள் என்று போகும். அடிக்கடி தடுமாறுகிற கேள்விக்கு அந்தப் பெருக்கம் குறையும். அடியோடு மறந்தால் மறுபடி 1 நாளிலிருந்து. நன்றாக நிற்கிற ஒரு செய்தியை முதல் அறுபது நாளில் நான்கே முறை பார்த்தால் போதும் என்று ஆகிறது. சிக்கனம்தான், சந்தேகமில்லை.

செஸ்ஸுக்குள் நுழைந்த மென்பொருள்

அதே 1987ல்தான் செஸ்ஸிலும் மாற்றம். மத்தியாஸ் வூலன்வெபர் என்ற இயற்பியல் மாணவரும் ஃப்ரெடரிக் ஃப்ரீடல் என்ற பத்திரிகையாளரும் சேர்ந்து ‘செஸ்பேஸ்’ என்ற மென்பொருளை அட்டாரி கம்ப்யூட்டருக்காகக் கொண்டுவந்தார்கள். கேரி காஸ்பரோவ் 1985ல் ஹாம்பர்க் நகரக் குழுவின் எட்டுப் பேரோடு ஒரே சமயத்தில் ஆடி 3½–4½ என்று தோற்றிருந்தார். 1987ல் அங்கே மறுபடி ஆடப் போகுமுன், எதிரிகளின் பழைய ஆட்டங்களை இந்த மென்பொருளில் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முடிவு 7–1. நாள்கணக்கில் சீட்டுப் புரட்டிச் செய்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது.

ஆனால் செஸ்பேஸ் முதலில் செய்தது சேமிப்பும் தேடலும். நினைவில் ஏற்றுகிற வேலைக்கு வேறு மென்பொருள்கள் வந்தன. 1980களிலேயே அமெரிக்காவில் ‘புக்கப்’ வந்தது. 2000க்குப் பின் ‘செஸ் பொசிஷன் ட்ரெய்னர்’ வந்தது. 2010களின் நடுவில் ‘செஸ்ஸபிள்’ வந்து, பெட்டி முறையை உலகம் முழுக்கப் பரப்பியது.

இவை வேலை செய்கிற விதம் ஒன்றுதான். நாம் ஆட விரும்பும் தொடக்கங்களைக் கிளை கிளையாக உள்ளே ஏற்றி வைக்கிறோம். மென்பொருள் எதிரியாக நின்று ஒரு நகர்த்தல் போடும். நாம் பதில் போட வேண்டும். சரியென்றால் அந்த நிலை தள்ளிப் போகும். தப்பென்றால் சீக்கிரம் திரும்பும். தினமும் காலையில் “இன்று இத்தனை நிலுவை” என்று காட்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. வேறு வேறு வரிசையில் நகர்த்தினாலும் காய்கள் ஒரே நிலைக்கு வந்து சேர்வது செஸ்ஸில் சகஜம். அச்சு நூலில் அது இரண்டு பக்கத்தில் இரண்டு வரியாகக் கிடக்கும். நல்ல மென்பொருள் நகர்த்தல் வரிசையை விட்டுவிட்டு, நிலையை வைத்துக் கணக்கு எழுதும். ஒரே ஆள் இரண்டு பெயரில் கடன் வாங்கியிருந்தால் ஒரே ஏட்டில் சேர்ப்பது மாதிரி.

2004: அதே தொடக்கம், அதே பாடம்

இப்போது மார்ஷலுக்குத் திரும்பலாம். 2004ல் சுவிட்சர்லாந்தின் பிரிசாகோவில் உலகப் பட்டத்துக்காக விளாடிமிர் கிராம்னிக்கும் ஹங்கேரியின் பீட்டர் லேக்கோவும் மோதினார்கள். எட்டாவது ஆட்டத்தில் கிராம்னிக் வெள்ளை. ஸ்பானிஷ் தொடக்கம். லேக்கோ மார்ஷல் தாக்குதலை ஆடினார். 86 வருஷத்துக்கு முந்தைய அதே தாக்குதல்.

கிராம்னிக் தரப்பு ஒரு வழியைக் கம்ப்யூட்டரில் பார்த்துத் தயாரித்து வைத்திருந்தது. வெள்ளைக்கு வெற்றி என்று இயந்திரம் காட்டியிருந்தது. ஆனால் இயந்திரத்தைப் போதிய ஆழம் வரை ஓடவிடவில்லை. லேக்கோ பலகையிலேயே யோசித்து, ராணியை வெள்ளையின் பாசறைக்குள் நுழைத்து, அந்தத் தயாரிப்பின் ஓட்டையைக் கண்டுபிடித்தார். 32ஆம் நகர்த்தலில் கிராம்னிக் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். கடைசியான 14ஆவது ஆட்டத்தை வென்றுதான் 7–7 என்று சமன் செய்து அவரால் பட்டத்தைக் காப்பாற்ற முடிந்தது.

இரண்டு ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1918ல் தயாரித்தவர் கறுப்பு. 2004ல் தயாரித்தவர் வெள்ளை. முன்னதில் மனிதத் தயாரிப்பு. பின்னதில் இயந்திரத் தயாரிப்பு. இரண்டிலும் தயாரிப்பு முடிகிற இடத்தில் யோசித்தவர் வென்றார்.

அதனால் மனப்பாடமே வீண் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்கு மறுப்பு நம் ஊர்க்காரரே. 2008ல் ஜெர்மனியின் பானில் விஸ்வநாதன் ஆனந்த், இதே கிராம்னிக்கோடு ஆடினார். மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில் கறுப்பில் ஒரே தொடக்கத்தை எடுத்து, தயாரித்து வைத்திருந்த புதிய யோசனையால் இரண்டையும் வென்றார். 6½–4½ என்று பட்டம் அவருக்கு. வீட்டில் செய்த வேலையின் வெற்றி அது. ஆனால் ஆனந்த் எடுத்துப் போனது வெறும் வரிசை அல்ல. வெள்ளை ராஜாவுக்கு எதிரே வழி திறக்கும் ஒரு திட்டம். வரிசை தீர்ந்த பிறகும் திட்டம் கையில் இருந்தது.

பொருளே பிடிமானம்

இதை ஆராய்ச்சியும் உறுதி செய்திருக்கிறது. டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட் 1946ல் தொடங்கிய பாதையில், அமெரிக்காவில் சேஸ், சைமன் என்ற இருவர் 1973ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டத்தின் நடுநிலையை ஐந்து விநாடி மட்டும் காட்டி, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பகுதியை அடுக்கிவிட்டார். கற்றுக்குட்டி சில காய்களோடு நின்றுவிட்டார். பிறகு காய்களை ஒழுங்கில்லாமல் கலைத்து வைத்துக் காட்டினார்கள். தேர்ந்தவருக்கும் கற்றுக்குட்டிக்கும் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனது! ஆக, தேர்ந்தவரிடம் இருப்பது பெரிய ஞாபகப் பை அல்ல. காய்களுக்குள் இருக்கும் உறவு அவருக்குத் தெரிகிறது; அந்த உறவுதான் நினைவாக நிற்கிறது.

பாபி ஃபிஷர் 1996ல் பியூனஸ் ஏர்ஸில் முன்வைத்த தீர்வு முரட்டுத் தீர்வு. பின்வரிசைக் காய்களை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றி அடுக்கு. 960 விதமான தொடக்க நிலை வரும். யார் எதை நெட்டுருப் போடுவது பார்ப்போம் என்றார். 2019ல் அதற்கு உலக செஸ் கூட்டமைப்பே பட்டப்போட்டி நடத்தியது. அதை ஆடுகிறவர்கள் ஆடட்டும். நம் பிள்ளைகள் ஆடுகிற பள்ளி, மாவட்டப் போட்டிகள் பழைய அடுக்கில்தான் நடக்கின்றன. அதற்கு வழி வேண்டும்.

சென்னை குகேஷின் பயிற்சி இங்கே கவனிக்கத்தக்கது. அவருடைய ஆசிரியர் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் நிலையை ஏறக்குறைய எட்டும் வரை அவரைக் கம்ப்யூட்டர் எஞ்சின் இல்லாமலே பயிற்றுவித்தார். 2019ல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலகப் பட்டம். பின்னால் அவரும் எஞ்சினைப் பயன்படுத்தத்தான் செய்தார். எல்லாருக்கும் அதே வழி பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. முதலில் எது, பிறகு எது என்கிற வரிசையைத்தான் சொல்கிறேன்.

பவணந்தியார் போட்ட பங்குக் கணக்கு

தமிழில் கற்கும் முறைக்குக் கணக்கு எழுதியவர் நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர். ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறையும் கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் எடுத்துச் சொல்லும் திறன் வரும் என்பது அவர் கருத்து. திரும்பக் கேட்டலின் பயன் நம்மவர்க்குத் தெரியாதது அல்ல. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்கு புலமைதான் வரும். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதில்தான் வரும் என்று பங்கு பிரித்துவிட்டார்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் மென்பொருளின் இடம் தெளிவாகிறது. திரும்பக் கேட்கிற வேலையை அது எந்த ஆசிரியரையும்விட ஒழுங்காகச் செய்யும். சலிக்காது, மறக்காது, கோபிக்காது. ஆனால் அது முதல் கால் பங்குக்குள் அடங்கிவிடுகிறது. “ஏன் இந்த நகர்த்தல்?” என்று அது கேட்பதில்லை. பிள்ளை காரணம் தெரிந்து போட்டாலும், கைப்பழக்கத்தில் போட்டாலும், அதற்கு இரண்டும் ஒன்றே.

ஆகவே பெற்றோருக்கும் சங்கத்தில் செஸ் சொல்லித்தருகிற இளைஞர்களுக்கும் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். வெள்ளைக்கு ஒரு தொடக்கம், கறுப்புக்கு இரண்டு, அவ்வளவு போதும்; பிறர் விற்கிற ஆயிரம் வரியை அப்படியே ஏற்ற வேண்டாம். பிள்ளை தான் ஆடிய ஆட்டத்தில் எங்கே தடுமாறினானோ அந்த இடத்தை முதலில் ஏற்றட்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் குறிப்பு எழுத மென்பொருளில் இடம் உண்டு. அங்கே காரணத்தை ஒரு வரித் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்த நகர்த்தல் இன்னும் அவனுடையது ஆகவில்லை. வரிசை முடிந்த இடத்திலிருந்து இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து ஆட்டத்தைத் தொடரச் சொல்லுங்கள். மார்ஷலும் கிராம்னிக்கும் வழுக்கிய இடம் அதுதான்.

கடைசியாக ஒன்று. இன்று எத்தனை ரிவ்யூ முடித்தாய் என்று பிள்ளையைக் கேட்காதீர்கள். இன்று யாருக்கு ஒரு தொடக்கத்தைச் சொல்லிக்கொடுத்தாய் என்று கேளுங்கள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தர ஞாயிறுதோறும் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். அதற்கு ஒரு பலகையும் 32 காய்களும்தான் செலவு.